ஏழாவது வரி

சமையல் மேசையில் இரண்டு படிவங்கள்.
பச்சை, பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.
வெள்ளை, பாப்டிஸ்ட் சர்ச்சின் நிலவறையிலிருந்து
கோரலி தானே வாங்கி வந்தது,
ஓரத்தில் கடலைவெண்ணெய்க் கறையோடு.

ஐடஹோவில் அக்டோபர்.
சர்க்கரைக் கிழங்கு லாரிகள் விடியவிடிய ஓடுகின்றன.
ஆலையிலிருந்து வந்த என் சட்டையில்
வெந்த மண்ணின் வாசம்.
துவைத்தாலும் போகாது. ஜனவரி வரைக்கும் இப்படித்தான்.

பச்சைப் படிவம் கடவுளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
முப்பது மைல் தள்ளி, செவ்வாய் மாலை ஆறு மணி
என்று மட்டும் சொல்கிறது.
செவ்வாய் ஆறு மணிக்கு
நான் ஆலைக்குள் அட்டை தேய்த்துக்கொண்டிருப்பேன்.

வெள்ளைக்கு நாலு தெரு. நடந்தே போய்விடுவாள்.
ஒன்பது வயதிலேயே கோடரி பிடிக்கக் கொடுக்கிறார்கள்.
ஈர விறகில் தீ மூட்டுவது,
பன்னிரண்டு முடிச்சுகள்,
பனியில் ஓர் இரவு.
ஏழாவது வரியில்தான்
‘பெற்றோராகிய நாங்கள் விசுவாசிக்கிறோம்’ என்று தொடங்கி
ஒரு பத்தி.
அதற்குக் கீழே என் பெயருக்கான கோடு.

அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம்.
பதினேழு வயதில் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.
எப்போது போனது என்று கேட்டால் தேதி இல்லை.
பல் விழுந்தால் தெரியும்;
காது மந்தமாவது எங்கே தெரிகிறது?
ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில்,
வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

லோவெலுக்குப் போன் செய்தேன்.
விவாகரத்துக்குப் பிறகும் வாரம் தவறாமல்
சர்ச்சுக்குப் போகிறவன்.
“போட்டுத் தொலையேன், யார் பார்க்கப் போறாங்க?” என்றான்.
அவனுக்கு அது தாள்.
நம்பாத எனக்குத்தான்
அதன்மேல் பேனா வைக்கப் பயம்.
ஒப்புக்கு இடுவதா ஒப்பம்?

ஏழாவது வரியை ஸ்கேல் வைத்து அடித்தேன்.
நிலவறையில் வெர்னா ஸ்டக்கி
கூடாரத் துணியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
என்னைவிட மூன்று வயது சின்னவள்; மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
படித்தாள். திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்குமோ என்பது போல.
“அடிச்சதைக் கமிட்டியில எடுத்துக்க மாட்டாங்க” என்றாள்.
கோபமில்லை. வருத்தமும் பெரிதாக இல்லை.
“வேன் ஓட்ட ஆள் வேணும், உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”
ஓட்டுநர் படிவத்திலும்
அதே பத்தி இருந்தது.
ஐந்தாவது வரியில்.

புதிய தாளோடு வீடு வந்தேன்.
கோரலி தரையில் உட்கார்ந்து
என் குளியல் அங்கியின் நாடாவை
நாற்காலிக் காலில் கட்டிக்கொண்டிருந்தாள்.
கட்டுகிறாள், உருவிக்கொண்டு வருகிறது,
மறுபடி கட்டுகிறாள்.
“உனக்கு நம்பிக்கை இல்லேன்னா என் பேரை எழுதலாமா அதுல?
எனக்கு இருக்கு.”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
சைக்கிள் இருக்கு, ஜலதோஷம் இருக்கு என்கிற குரல்.

எப்போதிலிருந்து? யார் சொல்லி?
ராத்திரி வேலைக்கு நான் போன பிறகு
இருட்டில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள்?
ஒன்பது வருடம் சோறு போட்டவள்,
காய்ச்சல் எண்களைக் குறித்து வைத்தவள்,
இதை ஒருநாளும் கேட்டதில்லை.
படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.
ஒவ்வாமை, தடுப்பூசி, நீச்சல், காலணி அளவு.
அவளைக் கேட்கும் கோடு அதிலும் இல்லை.

“உன் பேரை ஏத்துக்க மாட்டாங்க” என்றேன்.
“ஏன்?”
ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

அன்றிரவு கையெழுத்துப் போடவில்லை.
கிழிக்கவும் இல்லை.
சர்க்கரைப் புட்டியை அதன்மேல் வைத்துவிட்டுப் போனேன்.

விடிந்து வந்து பார்த்தால்
குளிர்பெட்டியின் கைப்பிடியையும் அலமாரியின் கைப்பிடியையும்
சேர்த்துக் கட்டியிருக்கிறாள், அதே நாடாவால்.
இழுத்தேன். இறுகியது.
நகத்தால் நெம்பினேன்.
கத்தரி கைக்கெட்டும் இழுப்பறையில்தான் இருந்தது.

பால் உள்ளே.
கறுப்புக் காப்பி குடித்தேன்,
நின்றுகொண்டே,
அவள் எழுந்து வந்து அவிழ்க்கும்வரை.